பெயர் வெட்டாத முக்காலி

யூதர்களின் துக்க வீட்டில் ஏழு நாளும் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். வாடகைக்கு எடுத்த குட்டை நாற்காலிகள் போதவில்லை. என் நாத்தனார் மிரியம், இறந்துபோன மாமனார் தன் கையால் செய்த முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். பேரப்பிள்ளைகள் ஐவருக்கும் ஆளுக்கொன்று. நான்கில் பெயர் வெட்டியிருந்தது. ஐந்தாவது என் மகனுடையது. அதில் பெயர் இல்லை. என் கணவன் ஆரன் அதில் உட்கார்ந்திருந்தான்.

வந்தவர்கள் ஆளுக்கொரு நினைவைச் சொன்னார்கள். தபாலில் செஸ் ஆடி ஒரே ஆட்டத்தை இரண்டு வருடம் இழுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பின்னல் ரொட்டி சுட்டுத் தெருவுக்கே கொடுத்தது. ஹார்மோனிகா. காற்றாடி. பறவைகளைப் போலக் குரல் கொடுத்து அவற்றை வரவழைத்தது. எண்பது வயதிலும் காலைப் பிரார்த்தனைக்கு நடந்தே போனது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது யாரோ ஒருவருடைய கதை.

அவர் பெயர் நேதன். என் மகனுக்கும் அதையே வைத்தேன். எங்கள் பக்கம் முதல் பையனுக்குத் தாத்தா பெயர்தான். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னதும் அவர் தொப்பியைத் தேடிக்கொண்டு வெளியே போனார். தொப்பி தலையில்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மற்ற நால்வரையும் கூப்பிடுவார். நிறம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். அவனுக்கு நாலு வயதானதும் அங்கே அழைத்துப் போவதை நிறுத்தினேன். நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து கால் மணி நேர டிரைவ்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவரிடமிருந்து ஒரு காற்றாடி வந்தது. கராஜில் போட்டேன்.

இன்று மிரியமிடம் கேட்டேவிட்டேன், அந்த முக்காலியில் மட்டும் ஏன் பெயர் இல்லை என்று.

"உனக்குத் தெரியாதா? உயிரோட இருக்கறவங்க பேரைக் குழந்தைக்கு நாங்க வைக்க மாட்டோம். அவங்க சாவைக் கூப்பிடற மாதிரி. அப்பா அன்னைக்கே ஆரன்கிட்ட சொன்னாரே, வான்மதி மனசு நோகாம பக்குவமா சொல்லுன்னு."

ஆரனைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். எங்கள் சண்டைகள் தமிழில்தான்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த வானு. அடுத்த வாரம் சொல்லலாம்னு நெனச்சேன்."

"ஒம்பது வருஷம். அந்த மனுஷன ரேஸிஸ்ட்னு சொன்னேன். உன் முன்னாடி. நீ பேசாம இட்லி தின்னுட்டிருந்த."

"அப்ப சொல்லிருந்தா என்னைத்தான் திட்டிருப்ப."

உண்மைதான்.

"அப்பாவுக்கு உன்மேல கோவமே இல்ல. சும்மா ஓவரா பண்ணாத."

"அதான்டா வலிக்குது."

அவன் ஒரு தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கழுவிய தட்டு. அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"நீ அவன தம்பின்னு கூப்பிடறதும் இதுக்குத்தானா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் என் பிள்ளையைத் தம்பி என்கிறான் என்று பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டியிடம் எத்தனை முறை பெருமையடித்திருப்பேன்.

ஹாலில் பிரார்த்தனைக்கு எழுந்து நின்றார்கள். துக்கத்துக்காகக் கண்ணாடியை மூடிய வெள்ளைத் துணி மின்விசிறிக் காற்றில் அசைந்தது. பிள்ளைகளை உள்ளே கூப்பிடு என்று யாரோ சொன்னார்கள். ஆரன் பின்கதவைத் திறந்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

"நேதன்!"

மிரியம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாத்தா பறவைகளுக்காக நட்ட கம்பத்தினடியில் பையன் நின்றிருந்தான். அந்த வீட்டில் அது அவன் பெயரல்ல. திரும்பவில்லை. உள்ளங்கையில் தானியத்தை நீட்டியபடி, மூச்சை அடக்கி, மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.