மேம்பாலத்துக்கு அடியில்

விழுப்புரம் புறவழிச்சாலையோரம் லாரிகளை எடை போடும் மேடையில் திருமுருகனுக்கு வேலை. ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் செல்போனில் வீடியோ செய்துவிடுவான். வேண்டியதை எழுதிக் கொடுத்தால் போதும், ஏஐ எட்டு விநாடிப் படமாக்கிக் கொடுத்துவிடும். அன்றைக்கு வந்தது, திண்டிவனம் பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து பூக் கட்டும் எருமை. டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கு ஒரு கையில் ஆறு விரல். பஸ் போர்டில் இருந்தது எந்த நாட்டு எழுத்தும் இல்லை.

அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான்.

"இன்னாடா முருகா, எருமைக்கு ஃபுல் டிக்கெட்டா, ஆஃப் டிக்கெட்டா?" ரசீது எழுதும் தேவநாதன் கேட்டார். "எங்க வீட்டுல இத்தப் பாத்துக்கினே சோத்தத் தீச்சிட்டா. யூடியூப்ல போடுடா, லட்சம் பேரு பாப்பான்."

"வேணாண்ணே."

யூடியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் தெரியும். ஸ்டேட்டஸில் பார்த்தவர்களின் பெயரே வரும். அவனுக்கு வேண்டியது ஒரு பெயர்தான்.

மனைவி வெண்ணிலா திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் தினமும் ஒரு மணி சுமாருக்கு அவன் ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவாள். அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் அவன் டிபன் பாக்ஸைத் திறப்பான்.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு ஏதாவது கோணங்கித்தனமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பஸ்ஸில் போகும்போது எருமைக்கு லேடீஸ் சீட் கொடுப்பாள். கொறிக்க வாங்கிய மல்லாட்டைக் கடலைகளை ரேஷன் கடை வரிசையில் நிற்க வைப்பாள். "பேசாம வா, ஆளுங்க பாக்குறாங்க" என்பான் இவன். கல்யாணமாகி ஆறு வருஷமும் இதுதான். கிளம்பும்போதுகூட அவள் சத்தம் போடவில்லை. "உங்ககிட்ட பேசறதுக்கு செவுத்துகிட்ட பேசலாங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஆளில்லாத வீட்டில்தான் அவனுக்கு அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாயால் திருப்பிச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏஐக்கு அந்த வெட்கம் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பாயை விரித்துப் படுத்த ரயிலையும், குடை பிடித்துப் பள்ளிக்கூடம் போன கோழிகளையும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தது.

எருமையோடு எல்லாம் தீர்ந்தது. ஒன்றே ஒன்று பாக்கி.

ஒருநாள் திண்டிவனம் மேம்பாலத்தை பஸ் நெருங்கியபோது அவள் ஆரம்பித்தாள்: "இதுக்கு அடியில தெனமும் ஒரு யானை வந்து நிக்குதுங்க. எதுக்குன்னா..." முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பேசாம வா" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அப்படி எதுவுமே சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

யானை எதற்கு நிற்கிறது? டீக்கு நிற்க வைத்தான். பஸ்ஸுக்கு நிற்க வைத்தான். எல்லாமே அவன் சொன்னதாக இருந்தது, அவள் சொன்னதாக இல்லை. அழித்தான். மூன்றாம் நாள், தெரிந்த வரைக்கும் போட்டான். தூறலில் யானை வருகிறது, பாலத்துக்கு அடியில் நிற்கிறது, ஏதோ சொல்லப் போவதுபோலத் தலையைத் திருப்புகிறது. எட்டு விநாடி முடிந்துவிடுகிறது.

மணி ஒன்றானது. பெயர் இல்லை. இரண்டானது. டிபன் பாக்ஸ் மூடியே இருந்தது.

"யோவ், காலி வண்டி முப்பது டன்னா?" லாரி டிரைவர் எடை ரசீதை நீட்டிக் கத்தினார். "உள்ள யானையா வச்சிக்கினு வர்றேன்?"

திருமுருகன் தப்பாகச் சொன்ன எடையைத் தேவநாதன் திருத்திக் கொடுத்தார்.

மூன்றரைக்குப் பெயர் வந்தது. கூடவே, எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு மெசேஜ்.

"யானை இல்லைங்க. ஒட்டகம்."

ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தான். மன்னிச்சிடு என்று எழுதினான், அழித்தான். ஞாயித்துக்கெழம வர்றேன் என்று எழுதினான், அதையும் அழித்தான். அன்றைக்கு பஸ்ஸில் கேட்டிருக்க வேண்டியதை எழுதி அனுப்பினான்.

"ஒட்டகம் எதுக்கு நிக்குது?"

அவள் டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

வெளியே ஹாரன். "முருகா, மேடையில லாரி நிக்குதுடா!"

"நிக்கட்டும்ணே" என்றான்.