லொரீனுக்கு ஒரு மெஷின்

"ஒவ்வொண்ணா அமுக்குறதா, இல்ல ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழுறதா? எது வேணும் வெர்ன்?" என்று கடைக்காரன் டஸ்டி கேட்டான்.

சுவரெங்கும் சிவப்பும் நீலமுமாகத் தோட்டா செய்யும் இயந்திரங்கள். வெர்ன் எதையும் தொடவில்லை.

முப்பது வருடமாக வீட்டுப் பின்புற ஷெட்டில் தோட்டா செய்பவள் அவர் மனைவி லொரீன்தான். கைத்துப்பாக்கி துப்பிப் போட்ட பித்தளை உறைகளைப் புல்லில் பொறுக்கித் தொப்பியில் அள்ளி வருவாள். கழுவி, வெடிமருந்திட்டு, புதுக் குண்டு வைத்து அமுக்குவாள். போன வசந்தத்தில் பெயர்கள் அவளை விட்டுப் போகத் தொடங்கின. பிறகு அடுப்பு, கார் சாவி, பேரப்பிள்ளைகள். இந்த வேலை மட்டும் விரல்களில் தங்கியிருந்தது. போன சனிக்கிழமை துப்பாக்கி கிளப்பில் அவள் சுட்டபோது 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். குண்டு குழலிலேயே சிக்கிக்கொண்டது. மருந்து போட மறந்திருக்கிறாள். பின்னால் இன்னொன்று வந்து மோதினால் குழலே வெடித்துவிடும்; அடுத்ததைச் சுடுவதற்குள் வெர்ன் அவள் கையைப் பிடித்துவிட்டார். மிச்சத்தை வீட்டில் பிரித்துப் பார்த்தால், ஒன்றில் இரண்டு மடங்கு மருந்து. அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி அவள் முகத்துக்கு நேரே சிதறியிருக்கும்.

"மருந்து கூடினாலும் கொறஞ்சாலும் கத்துற கருவி இருக்காமே?"

"இருக்கே. இந்த நீலத்துல மாட்டலாம். என் மாமியா மாதிரி, ஒரு தப்பையும் விடாது."

"கத்தினா?"

"நிறுத்திட்டு அந்த உறையப் பாக்கணும்."

"ஏன் கத்துதுன்னே தெரியாதவங்க?"

"அவங்களுக்கு இந்த வேலை எதுக்குங்கறேன்?" டஸ்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. "லொரீனா?"

வெர்ன் தலையசைத்தார்.

"ஷெட்டப் பூட்டிடுங்க வெர்ன்."

"பூட்டினேன். மூணு நாள் அந்தக் கதவுகிட்டயே நின்னா. சோறு தண்ணி இல்ல."

மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் சுத்தியலை அவர் எடுத்தார். தோட்டாவை அதன் தலைக்குள் செருகித் தரையில் ஓங்கித் தட்டினால், குண்டு வேறு உறை வேறாகக் கழன்றுவிடும்.

"அது தப்பா செஞ்ச ஒண்ணு ரெண்டப் பிரிக்கறதுக்கு," என்றான் டஸ்டி.

"தெரியும். இது போதும்."

அதன் பிறகு தினமும் காலையில் லொரீன் பழைய மேசையில் ஐம்பது தோட்டா செய்தாள். மதியம் அவள் தூங்கியதும், வெர்ன் ஷெட்டின் சிமென்ட் தரையில் மண்டியிட்டு ஐம்பதையும் உடைத்தார். மருந்தை ஜாடியிலும் குண்டுகளைப் பெட்டியிலும் திரும்பப் போட்டார்.

"எவ்ளோ வேல கெடக்கு பாரு. நீ ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டியா?" என்பாள் மறுநாள் காலை.

"இல்ல லொரீ."

பனி கொட்டிய ஒரு மதியம் அவள் சீக்கிரமே விழித்துவிட்டாள். டொக், டொக் என்று அவர் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டின் முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"யாரு கதவத் தட்டுனது?" என்றாள் லொரீன், வெறும் தெருவைப் பார்த்து. "வெர்னத் தேடி வந்தீங்களா? அவர் வீட்ல இல்லயே. எங்க போனார்னு தெரியல. போய் ரொம்ப நாளாச்சு."

கதவு மூடியது. ஓங்கிய சுத்தியலோடு வெர்ன் அப்படியே இருந்தார். இன்னும் முப்பத்தொன்று பாக்கி. அவர் தட்டினார். கதவு மறுபடி திறந்தது.