வாளியில் கரைந்த ஆப்பெழுத்து

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறவன் முகத்தைப் பார்க்க நேரமில்லை. செத்து மண்ணாய்ப் போனவன் கீறிவைத்த மண்கட்டியை மட்டும் நாள் முழுக்கப் பார்க்கலாம். திரேஸ்புரத்தில் விக்டரின் ஓயாத புலம்பல் இது.

மகள் ஸ்டெபி படித்தது ஆப்பெழுத்து. ஈராக்கில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் அந்தக் காலத்து ஆட்கள் நாணலால் குத்திக் குத்தி எழுதியது. தோண்டுகிற இடத்துக்கே வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு பலகையின் எழுத்தை அப்படியே களிமண்ணில் எழுதி இன்றைக்கு வீடியோவில் காட்ட வேண்டும். தேறினால் பயணம்.

விக்டருக்கு அனுப்ப மனசில்லை. தம்பி கிளைட்டன் அதே ஈராக்கில் பஸ்ராவுக்குச் சரக்குத் தோணியில் போனவன்தான். ஆள் திரும்பவில்லை.

"உப்பு பூத்துட்டே, எழுத்தே தெரியலையே" என்று, எழுதிக் காயவைத்த பலகையைப் பார்த்து முனகிவிட்டு ஸ்டெபி குளிக்கப் போனாள். விக்டர் சங்கு குளித்த ஆள். உப்பேறிய சாமான் எதுவானாலும் நல்ல தண்ணீரில் ஊறப்போடுவார். இதையும் வாளியில் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டால் பலகையைக் காணோம். சேறு. பதறிப்போய்த் திரட்டப் பார்த்தார். விரலிடுக்கில் வழிந்தது.

ஸ்டெபி ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"நான் போகக்கூடாதுன்னுதானப்பா கரைச்சிய?"

"உப்பெடுக்கத்தாம்ளா போட்டேன். மாதா மேல சத்தியம்."

"அந்த மாதாகிட்ட நேத்து என்ன வேண்டுனிய? அதச் சொல்லுங்க."

அவர் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார்.

போன் அடித்தது. திரையில், வேலைக்குக் கூப்பிட்ட நரைத்த வெள்ளைக்காரி. ஸ்டெபி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, ஈரத்துணியில் சுற்றியிருந்த மிச்சக் களிமண்ணைத் தட்டி, அந்தம்மா பார்க்கப் பார்க்கவே குத்த ஆரம்பித்தாள். கதவோரம் நின்ற விக்டருக்கு, அவள் தேற வேண்டும் என்று கும்பிடுவதா, தவற வேண்டும் என்றா, தெரியவில்லை.

அந்தம்மா சிரித்தாள்.

"கண்ணு முன்னால எழுதுனதால நாந்தான் எழுதுனேங்கதுல சந்தேகமே இல்லையாம்பா. அடுத்த வாரமே வரச் சொல்லுதாங்க."

அவர் புதுப் பலகையை எட்டிப் பார்த்தார். "அப்படி என்னதான்ளா எழுதியிருக்கான்?"

"கடல் வழியா மீன்கண் வந்துதாம். முத்தா இருக்கலாம்னு சொல்லுதாங்க."

"இருக்கலாமா? அதுவே நிச்சயமில்லயா? மீன் கண்ண எவன்ளா கப்பல்ல ஏத்துவான். பொய் எழுதியிருக்கான்."

"நாலாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவன் ஒங்ககிட்ட எதுக்குப்பா பொய் சொல்லணும்?"

"யாவாரிதான."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டே மாசம்பா. வந்துருவேன்."

"கிளைட்டனும் இதத்தான் சொன்னான்."

சேற்றைக் கடலில் கொட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் கடற்கரைப் பக்கம் நடந்தார்.