சில்லுக்கு வைத்த கல்

திகன சந்தியைத் தாண்டும்வரை அம்ஜத் பேசிக்கொண்டே வந்தான். ஸாகி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கார் ஓட்டுகிறான்.

“மச்சான், ஒன்ன முந்திக்கிட்டு ஒரு வயசான அப்பா சைக்கிள்ல போறாரு. கொஞ்சம் வெக்கப்படு.”

“நீ எடுக்கிறியா?”

“எனக்கு ஏலா. கட்டார்ல ரோட்டுன்னா ரூலர் வெச்சிக் கீறின மாதிரி. இந்த மலையில என்ன விட்டா ரெண்டாவது வளைவுலயே...”

அம்ஜத் பாதியில் நிறுத்திக்கொண்டான். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தான்.

அம்ஜத்தின் தங்கை சப்னா. ஸாகியின் மனைவி. போன வருடம் மாசி மாதத்தில், இதே பாதையால் அருவி பார்க்கப் போய்த் திரும்பும்போது கார் பள்ளத்தில் விழுந்தது. ஸாகிக்குக் காறை எலும்பு முறிந்தது. சப்னா அந்த இடத்திலேயே மௌத்தானாள். அம்ஜத்துக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் ஜனாஸாவை அடக்கியாகிவிட்டது. அவன் அதைத் தோஹாவில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தான். இப்போதுதான் லீவு கிடைத்து வந்திருக்கிறான். இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. சப்னாவின் கடைசிப் படம் எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

படம் அவன் போனில் இருந்தது. அருவிக்கு முன்னால் தட்டைப் பாறை. அதன்மேல் சப்னா, முந்தானை நனைந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மற்றச் செருப்பைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அவள் சிரிக்கவில்லை. செருப்பு போனதற்கு ஸாகியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஸாகி மூன்று முறை மறுத்தான். கடைசியில் அம்ஜத்தின் உம்மா, மாமி றம்லத், பேசி முடித்துவைத்தார். “ஒங்களுக்குத்தானே வழி தெரியும் மகன். கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க. அவனும் அழுது முடிக்கட்டும்.” மகள் அனீஸாவுக்கு மூன்று வயது. சப்னா போன நாளிலிருந்து மாமி வீட்டில்தான் வளர்கிறாள். தான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் ஸாகி அங்கே போவான். வாசலில் செருப்பைக் கழற்றி அவளுடைய சின்னச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பான். அவள் தூங்கும்வரை இருப்பான். அந்த வீடு திறந்திருப்பதால்தான் அவன் இன்னும் நடமாடுகிறான்.

அன்று, பாதையில் கிடந்த ஒரு கல்லில் காரின் சில்லு ஏறி, ஸ்டியரிங் பிடுங்கிக்கொண்டு போனது. இது எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்தில் நின்றுபோன வாகனத்துக்குச் சில்லில் அடை கொடுக்க வைத்த கல். வாகனம் கிளம்பியதும் எடுத்து ஓரத்தில் போடாமல் போய்விட்டார்கள். இதுவும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொலிஸ்காரர் கேட்டபோது, ஏதாவது லொறி வைத்திருக்கும் என்றான் ஸாகி.

கல்லை வைத்தது ஸாகி.

தெல்தெனியவில் ரொட்டியும் இரண்டு போத்தல் தண்ணீரும் வாங்கினார்கள். பாதை ஏறத் தொடங்கியது. இடப்பக்கம் கீழே நீர்த்தேக்கம் துண்டு துண்டாகத் தெரிந்து மறைந்தது.

“ஒண்ணு கேக்கவா?” என்றான் அம்ஜத்.

“ம்.”

“அந்தக் கல்ல வெச்சவன் எப்பவாவது எனக்கு முன்னால வந்தா, அடிக்க மாட்டேன். வாப்பா மேல சத்தியமா. ஒண்டே ஒண்டுதான் கேப்பேன். அதக் குனிஞ்சி எடுத்து ஓரத்துல போட எத்தின செக்கன் போகும்? அத மட்டும் செல்லுடான்னு கேப்பேன்.”

ஸாகி கியரை மாற்றினான். மாற்றத் தேவையில்லாத இடம். என்ஜின் முனகியது.

“உம்மா ஒவ்வொரு தொழுகையிலயும் அவனுக்கு எதிரா துஆ கேக்குறா. தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

தெரியும். முன்விறாந்தைக் கதிரையில் அனீஸாவை மடியில் வைத்துக்கொண்டு பலமுறை கேட்டிருக்கிறான்.

தார் முடிந்து தேயிலைத் தோட்டத்துப் பாதை தொடங்கியது. போன நவம்பர் மழை அதைக் கடித்துத் துப்பியிருந்தது. கொங்கிறீட் போட்ட இடத்தில் கம்பி தெரிந்தது. மற்ற இடங்களில் சரளை. இரண்டு இடத்தில் மண்சரிந்து பாதி பாதையை மூடியிருக்க, மிச்சப் பாதியில் ஒரு வாகனம் போகலாம். சில்லுக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இருந்தது. அம்ஜத் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கலிமா சொன்னான். பிறகு, “நீ ஓட்டு, நான் சும்மா பிறக்டிஸ் பண்றேன்,” என்றான்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே இரண்டாவது திருப்பத்தில் கொழுந்து லொறி எதிரே வந்தது. ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். லொறி பின்னோக்கி ஊர்ந்து ஒரு பிதுக்கத்தில் ஒதுங்கியது. டிரைவர் இறங்கி வந்து ஸாகியின் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிக் கால்சட்டை, தலையில் துண்டு.

“அருவிக்குங்களா? இந்தச் சின்னக் காரு மேல உள்ள ஏத்தத்துல கட்டாயம் நின்னுரும். சில்லுக்குக் கல்லு வெச்சா மறக்காம எடுத்துப் போட்டுட்டுப் போங்க சார். ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

“ஏன் அப்பிடிச் செல்றீங்க?” என்று அம்ஜத் எட்டிக் கேட்டான்.

“போன வருசம் ஒரு புள்ள செத்துப்போச்சுங்க, கல்லுல ஏறி. லொறிக்காரன் வெச்ச கல்லுன்னு சொல்லிட்டாங்களாம். இந்தப் பக்கம் ஓடுற லொறி என்னுது ஒண்ணுதான். ரெண்டு நா ஸ்டேசன்ல ஒக்கார வெச்சாங்க. அன்னைக்கு லொறி கராஜ்ல கெடக்கு, எஞ்சின் எறக்கி. யாரு கேக்குறா?” அவர் லொறியின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆப்புப் போல் செதுக்கிய ஒரு மரக்கட்டை, கயிற்றில் கட்டித் தொங்கியது. “அதுலேர்ந்து கல்லே தொடுறதில்ல. இது வண்டியோடயே இழுபட்டு வந்துரும். விட்டுட்டுப் போகணும்னு நெனச்சாலும் முடியாது.”

ஸாகி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு பூச்சி நசுங்கியிருந்தது.

“ஒங்கட பேரு?” அம்ஜத்தின் குரல் மாறியிருந்தது.

“சந்தனம்ங்க.”

கார் நகர்ந்தது. அம்ஜத் பின்கண்ணாடி வழியாக லொறி மறையும்வரை பார்த்தான்.

“அவன்தான்,” என்றான்.

“யாரு?”

“அவன்தான்டா. கேக்காமலே வந்து கத செல்றான். கராஜாம். எஞ்சினாம். செஞ்சவன்தான் இவ்வளவு விளக்கம் செல்லுவான். கயித்துல கட்டித் தொங்கவுட்டு ஊருக்குக் காட்டுறான்.” அம்ஜத் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. “லொறி நம்பர் எழுதிட்டேன். திரும்பிப் போகக்குள்ள பொலிசுக்குப் போவோம். நீ வந்து ஒரு வார்த்த சென்னாப் போதும். நான் டிக்கெட்ட மாத்துறேன். இத முடிக்காம நான் போகப் போறதில்ல.”

தண்ணீர்ப் போத்தல் ஸாகியின் மடியிலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை. கையை எடுத்தால் கார் போய்விடும் என்று தோன்றியது.

இங்கே நிறுத்திச் சொல்லலாம். சொன்னால் இன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்ற முடியாது. சொல்லாவிட்டால் அந்த மனிதர் மறுபடி ஸ்டேசன் வாங்கில் உட்காருவார். இதற்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. விளிம்பு ஒரு சாண்தான். அந்த யோசனை வந்ததும் ஸாகி பிறேக்கை மிதித்தான். பக்கத்தில் அம்ஜத் இருந்தான்.

“என்னடா?”

“ஒண்டுமில்ல.”

ஏற்றம் வந்தது. முதல் கியரில் பாதிவரை போனது. முன்சில்லு சரளையில் சுற்றியது. கிளச் கருகும் மணம். கார் நின்று, பின்னால் நழுவத் தொடங்கியது. ஸாகி கால் பிறேக்கையும் கை பிறேக்கையும் சேர்த்துப் பிடித்தான். அதே ஏற்றம். ஓரத்து மரத்தில் அன்று கார் உரசிய தழும்பு இன்னும் இருந்தது.

சொல்லாமலே அம்ஜத் இறங்கினான். ஓரத்தில் தேடி ஒரு கல்லை இரு கையாலும் தூக்கி வந்து பின்சில்லுக்கு அடை வைத்தான். “எடு!” என்று கத்தினான். கல்லில் சாய்ந்திருந்த கார் ஒரு உதறு உதறி முன்னே பாய்ந்தது. இருபது யார் தூரம் மேலே பாதை தட்டையாகும் இடம். ஸாகி அங்கே நிறுத்தினான்.

அம்ஜத் மூச்சிரைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். “மாஷா அல்லாஹ். டிரைவர்தான் நீ. வா, போவோம்.”

ஸாகி இறங்கினான்.

“எங்க போற?”

“கல்லு.”

“விடு மச்சான். வரக்குள்ள எடுப்போம்.”

ஸாகி நின்றான். மேலே மரங்களுக்குப் பின்னால் அருவியின் இரைச்சல் கேட்டது. அன்றும் இவ்வளவுதான் கேட்டது. பிறகு அவன் கீழே நடந்து போய்க் குனிந்து கல்லைத் தூக்கினான். விளிம்புவரை கொண்டுபோய் விட்டான். அது உருண்டு, எதிலோ மோதி, மறுபடி உருண்டு, வெகுநேரம் கழித்து ஓய்ந்தது.

“ஒம்போது,” என்றான்.

“என்ன ஒம்போது?”

“ஒம்போது செக்கன். எண்ணிப் பாத்தேன்.”

அம்ஜத் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

“அன்டைக்கி சப்னாவும் ஒன்ன மாதிரித்தான் எறங்கி நடந்து வந்தா. கார்ல ஏறக்குள்ள கேட்டா, கல்ல எடுக்கல்லியா, யாரும் விழுந்துருவாங்கன்னு. நான் சென்னேன், வரக்குள்ள எடுப்போம்னு.”

“எந்தக் கல்லு?” புரிந்த பிறகும் அம்ஜத் கேட்டான்.

“அந்தக் கல்லுதான். லொறி இல்ல. நான் வெச்ச கல்லு. வரக்குள்ள ஒரே பனிமூட்டம். எனக்கு மறந்துட்டு. கல்லுல ஏறினப்பவே தெரிஞ்சது, என்ட கல்லுன்னு.”

அம்ஜத் கீழே இறங்கி வந்து ஸாகியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவன் விரல்கள் காறை எலும்பு கோணலாகப் பொருந்திய முடிச்சில் பட்டன. அங்கேயே நின்றன. இருவரும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள். இந்தக் கல்யாணத்தை வீட்டில் பேசி முடித்தவன் அம்ஜத்தான்.

“பதினாலு மாசம்,” என்றான் அம்ஜத். “என்ட உம்மாட கையால சோறு திண்டுக்கிட்டு.”

“ஓ,” என்று ஸாகி தலையசைத்தான்.

பிடி தளர்ந்தது. அம்ஜத் திரும்பி, அருவிச் சத்தம் வந்த பக்கம் தனியே நடந்தான். ஸாகி போகவில்லை. காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது. அதைத் தட்டிவிடவில்லை. அது குடித்து முடித்துத் தானாக விழுந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அம்ஜத் வந்தான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. முன்கதவைத் தொடாமல் பின் இருக்கையில் ஏறினான்.

“திருப்பு.”

இறக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸாகி பாதையைத் தடவித் தடவிப் பார்த்து ஓட்டினான். மடுவம் தெரிந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. “நிப்பாட்டு. எறங்கிப் போய் அவருக்கிட்ட செல்லு.”

சந்தனம் கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். “அருவி பாத்தீங்களா சார்?” என்றார்.

ஸாகி சொன்னான். சொல்வதற்கு நான்கு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சந்தனம் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“எம் பொண்டாட்டியே கேட்டா சார்,” என்றார். “நெசமாவே நீ வெக்கலியான்னு. ஒரு தரம் இல்ல.”

ஸாகி நின்றான்.

“தோட்டத்துத் தொரைக்கிட்ட சொல்லுவீங்களா?” என்றார் சந்தனம்.

“சொல்றேன். பொலிசுக்கும் எழுதிக் குடுக்கிறேன்.”

“எம் பொண்டாட்டிக்கிட்ட?”

“சொல்றேன்.”

“நாயித்துக்கிழம வாங்க. அன்னைக்குத்தான் வீட்ல இருப்பா.” அவர் அடுத்த மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

திகன வரும்வரை கண்ணாடியில் அம்ஜத்தின் முகத்தை ஸாகி பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டான். “அனீஸா?”

“எனக்குத் தெரியாது. உம்மாக்கிட்ட நான் செல்ல மாட்டேன். நீயே செல்லு.”

மாமி வாசலில் நின்று அனீஸாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கார் சத்தத்துக்குப் பிள்ளை ஓடிவந்தாள். “வாப்பா, தண்ணி பாத்தீங்களா? எனக்குக் கொண்டு வந்தீங்களா?” ரொட்டியோடு வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று திறக்கப்படாமல் இருந்தது. ஸாகி அதைக் கொடுத்தான். அவள் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்ஜத் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

ஸாகி செருப்பைக் கழற்றவில்லை.

“என்ன மகன், வெளிய நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க,” என்றார் மாமி.

அவன் முற்றத்தில் நின்றபடியே சொன்னான். மாமியின் கையில் பிசைந்த சோறு இருந்தது. சொல்லி முடித்த பிறகும் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு உருண்டையைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அம்ஜத்தின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கினார். உள்ளே போனார். அம்ஜத்தும் தலையைக் குனிந்தபடி பின்னால் போனான்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அனீஸா போத்தலைக் குலுக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

அதைக் கேட்பதற்காக ஸாகி நின்றுகொண்டிருந்தான்.