நீலப் பொத்தானும் பொய்யுச்சியும்

உச்சிக் கல்லைத் தொட்டவர் வாயில் அப்புறம் பொய் வராது என்று அந்த மலைக்கு ஒரு கதை உண்டு. வேறு யார் நம்பினார்களோ இல்லையோ, என் வீட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேருந்து ஓட்டுநர். கல்யாணமான மறுவருஷம் கூட்டாளிகளோடு மலையேறிவிட்டு வந்தவர், அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஒரு சண்டையிலும் என்னை ஜெயிக்க விடவில்லை. "நான் உச்சியத் தொட்டவன், பொய் சொல்லுவேனா?" என்பார். சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அன்று இறங்கி வந்தபோது சட்டையில் இரண்டாவது பொத்தானைக் காணோம். நான் தையல்காரி, கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

"உச்சியில கல்லு குவிச்சு வெச்சிருக்காங்க. அதுக்கடியில தைல டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள் வந்து நீயே எடுத்துக்க" என்றார்.

வேறு பொத்தான் வைக்க விடவே இல்லை. நானும் போகிறேன் போகிறேன் என்று நாளைக் கடத்தினேன். சீருடை தைக்கிற மாசம், மகளின் பரீட்சை, பிறகு என் முழங்கால். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கேட்கிறவர்களிடமெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகளுக்கும் தினமும் போனில் அதே பதில். துணியே வைக்காமல் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த நாட்களை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பொத்தானாவது என் கையில் இருக்கட்டும் என்று, அவர் சட்டையையே போட்டுக்கொண்டு, பையில் ஊசி நூலோடு கிளம்பினேன்.

எனக்கு வாய்த்த வழிகாட்டியை ஒட்டகம் என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் குடிக்க மாட்டார், பேச்சும் அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் ஒரு முகட்டில் கல் குவியல் தெரிந்தது. மூச்சு வாங்க மண்டியிட்டுக் கற்களைப் புரட்டினேன். துருவேறிய தைல டப்பா. உள்ளே நீலப் பொத்தான், நான் தைத்த நூல் துணுக்கோடு.

"வந்தாச்சு" என்றேன்.

ஒட்டகம் தலையைச் சொறிந்தார். "இது உச்சி இல்லக்கா. பொய்யுச்சின்னு சொல்லுவோம். மூடுபனி இருந்தா இதுக்கு மேல மலை இருக்கறதே தெரியாது. நெறைய பேரு இதத் தொட்டுட்டு எறங்கிடுவாங்க. நெஜ உச்சிக்கு இன்னும் மூணு மணி நேரம் ஏறணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷ ஜம்பம், இந்தக் கல் குவியலை வைத்து. சிரித்து முடித்ததும் அவருடைய கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கூட வாழ்ந்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல. உச்சியத் தொட்டவன் சொல்றேன்" என்றாரே. அதற்கும் இப்போது சாட்சி இல்லை.

உட்கார்ந்து பொத்தானைச் சட்டையில் தைத்தேன்.

"இவர மேல கூட்டிட்டுப் போகணும்" என்றேன். ஒட்டகம் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

மூன்று மணி நேரம் என் முழங்காலுக்கு ஐந்தாயிற்று. உச்சிக் கல்லில் பொத்தான் படும்படி நெஞ்சைச் சாய்த்து நின்றேன்.

"இப்பத் தொட்டாச்சுங்க. இப்ப சொல்லுங்க."

ஆயுசுக்கும் அவரைக் கிண்டல் செய்யப் போதுமான விஷயம் கையில் கிடைத்திருக்கிறது. கிண்டல் செய்ய அவர் இல்லை. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் போல அப்படி ஓர் ஏக்கம் வந்தது.

போன் அடித்தது. மகள்.

"ஏறிட்டியாம்மா? நல்லா இருக்கியா?"

வாய் வழக்கம்போலத் திறந்தது. ஒரு கை இன்னும் கல்லின் மேல் இருந்தது.

"இல்லடி" என்றேன். "உங்கப்பா இல்லாம நான் நல்லாவே இல்ல."