டுவேனை ஆற்றில் நிறுத்திவைத்த நாள்

என் தங்கை வெர்னா கேட்டது ஒரே ஒரு உதவி. பொழுது சாயும்வரை அவள் புருஷன் டுவேன் ஜூனியாட்டா ஆற்றை விட்டு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் அவள் சாமான்களை ஏற்றிக்கொண்டு பிட்ஸ்பர்க்குக்குக் கிளம்பிவிடுவாள். ஏற்கெனவே இரண்டு தடவை மூட்டை கட்டினாள். இரண்டு தடவையும் டுவேன் வாசலில் நின்று அழுதான், இவள் மனசு இளகிப் பெட்டியைப் பிரித்துவிட்டாள். இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தால் தன்னால் கிளம்ப முடியாது என்றாள்.

டுவேன் கெட்டவன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனி ஞாயிறு வீட்டில் தங்கியதில்லை, அவ்வளவுதான். அந்தச் சனி ஞாயிறெல்லாம் அவன் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் நான். இப்போது அவனுக்குக் காவலும் நானே. எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆற்றுக்குள் நடந்தே மீன் பிடிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு வண்டியில் போவோம். ஒன்றைக் கீழ்த்துறையில் நிறுத்திவிட்டு, மற்றதில் மேல்துறைக்குப் போய் இறங்கி, நீரோட்டத்தோடு தூண்டில் வீசிக்கொண்டே வந்தால் முடிகிற இடத்தில் வண்டி நிற்கும். கீழ் வண்டியின் சாவியை மேல் வண்டியிலேயே மறந்துவிட்டு வராதவன் எங்கள் ஊரில் கிடையாது. அதனால் இறங்குமுன் "சாவி?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். அன்று கீழே நின்றது டுவேனின் வண்டி. அவன் சாவி என் வண்டியில் காபி டம்ளர் வைக்கிற குழியில் கிடந்தது. அவன் அதை எடுக்காமல் இறங்கினான். நான் வாயைத் திறக்காமல் கதவைப் பூட்டினேன்.

அன்றைக்கென்று பாஸ் மீன்கள் கிறுக்குப் பிடித்த மாதிரி கடித்தன. டுவேன் பாறையோரம் கொக்கியில் மாட்டிய ரப்பர் இறாலை உருட்டிவிட்டதுமே தூண்டில் நரம்பு விறைத்தது. வெண்கல நிறத்தில் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியது. கீழ்த்தாடையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கி, அதன் சிவந்த கண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்டுவிட்டான்.

"என்ன மச்சான், மரத்துல வீசிட்டு நிக்குற? மீனு தண்ணிக்குள்ள இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். என் தூண்டில் கிளையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ உன் வேலையப் பாரு, மாப்ள."

மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையைத் தின்றோம். வெர்னா போட்டுக் கொடுத்தது. நான் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை ஆற்றில் எறிந்தேன். டுவேனும் பாதியில் டப்பாவை மூடினான்.

"சீக்கிரம் ஏறிடலாமா? காலைல அவ மொகமே சரியில்ல."

"தலைவலியா இருக்கும். தூங்கட்டும் விடு."

"உன்கிட்ட சொன்னாளா?"

"என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா? அங்க பாரு, அந்தப் பாறைக்குப் பின்னால பெரிசு ஒண்ணு பொரண்டுச்சு."

ஒன்றும் புரளவில்லை. அதற்குப் பிறகு அவன் எட்டி நடக்க நடக்க, நான் இல்லாத மீனையெல்லாம் காட்டி நிறுத்தினேன். சூரியன் நகர்வேனா என்றது. வேகமான நீரில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத்தான் நகர்த்த வேண்டும். பதற்றத்தில் அது கூட மறந்துபோய்க் காலைத் தூக்கினேன். தண்ணீர் வாரிவிட்டது. டுவேன் பாய்ந்து வந்து என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

"ஒனக்கு என்ன ஆச்சு இன்னிக்கு?"

சொல்லிவிடலாம் போல இருந்தது. பொய் சொல்லிக்கொண்டே வருகிறவனை இவன் காப்பாற்றுகிறான் என்று கூனிக் குறுகிப்போனேன். வெர்னாவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கீழ்த்துறைக்கு வந்தபோது வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டுவேன் ரப்பர் இறாலை நரம்பிலிருந்து அறுத்துத் தொப்பியில் குத்தினான். சட்டைப் பையைத் தடவினான்.

"சாவி உன் வண்டியில இருக்கு."

"அடக் கடவுளே. திரும்பி நடக்க வேண்டியதுதான்" என்றேன். எனக்கு நடிக்க வராது.

அவன் குனிந்து பின் பம்பருக்கு அடியில் கைவிட்டு, டேப் சுற்றிய ஒரு சாவியை உரித்தெடுத்தான். "முன்ன ஒருவாட்டி நடந்து செத்தேன். அப்புறம் ஒட்டி வெச்சது."

அவன் கதவைத் திறந்தான். ஆனால் ஏறவில்லை.

"இத்தன வருசத்துல நீ சாவியக் கேக்காம எறங்குனது இன்னிக்குத்தான், மச்சான்."

நான் குனிந்து காலில் ஒட்டிய பாசியைத் துடைத்தேன்.

"கெளம்புறாளா?"

"ஆமா."

"எப்ப முடியும்?"

"ஆறு மணியாகும்னா."

வீடு அங்கிருந்து ஒரு சிகரெட் பிடிக்கிற தூரம். அவன் வண்டியைக் கிளப்பினால் என்னால் தடுக்க முடியாது. தடுக்க எனக்கு முகமும் இல்லை. டுவேன் சூரியனை அண்ணாந்து பார்த்தான். சாவியை சீட்டில் போட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினான்.

நானும் பின்னாலேயே இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்றேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீச ஆரம்பித்தான். நுனியில் எதையும் கட்டியிருக்கவில்லை. வெறும் நரம்பு தூரம் போகாமல் அவன் காலடியிலேயே விழுந்தது. அவன் சுற்றி எடுத்தான், மறுபடி வீசினான்.