யாரும் எழுதாத பாட்டு

1

“டைட்டிலில் என் பேர் வரணும் சார்.”

இந்த ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. [இதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார்: கெடைச்சதைக் கெடுத்துக்காதே.]

அவள் ஒரு காலப்பயணத் தொடரில் வசன உதவியாளர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. வாய் கொஞ்சம் நீளம்.

ஏசி இரைந்துகொண்டிருந்த அந்த அறையில் அவள் [இந்த வரியை அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் ஏசி இரைகிறது.]

2

தொடரின் நாயகி காலத்தில் பின்னோக்கிப் போய், பத்து வயதில் இருந்த தன்னையே தேடிப்பிடித்து ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள். சின்னவள் வளர்ந்து, அவளும் அப்படியே போய் அதே பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படியென்றால் பாட்டை எழுதியது யார்? யாருமில்லை.

இந்த வட்டத்தை யோசித்தவள் நம் ஆள். எழுத்தாளர்கள் உட்காரும் அந்த அறையின் வழக்கமோ, சாயங்காலம் வெள்ளைப் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிடுவது. எது யார் யோசனை என்று மறுநாள் கேட்க முடியாது.

மூன்று தொடர் முடித்தவர்களுக்குத்தான் பேர் என்றார் தலைமை எழுத்தாளர், சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே. பேரே வராதவளை அடுத்த தொடருக்கு யார் கூப்பிடுவார்கள் என்றாள். பேர் வந்தால் கூப்பிடுவார்கள் என்றார்.

“பேர் வரவே பேர் வேணும். இந்த வட்டத்தைத்தானே சார் நான் எழுதினேன்?”

“பாட்டை யாரும் எழுதலைன்னு நீதானம்மா சொன்னே. உன் வட்டத்தையும் அப்படியே வெச்சுக்கயேன்.”

அறையே சிரித்தது.

3

இவரை இவ்வளவு மோசமாகக் காட்டலாமா? முந்தைய வரைவில் நல்லவராக்கிப் பார்த்தேன். அன்பாகப் பேசினார், டீ வாங்கிக்கொடுத்தார். பேர் மட்டும் தரவில்லை. பழையபடியே விட்டுவிட்டேன்.

முடிவு அ: அவள் அழுகிறாள். வேண்டாம்.

முடிவு ஆ: அவர் மனம் மாறி [நானே நம்பவில்லை.]

4

நாளை கடைசிப் பகுதிக்குப் படப்பிடிப்பு. பாட்டின் வட்டம் கடைசியில் எப்படி உடைகிறது? பலகையைத் துடைத்தே பழகிய கைகள் ஒன்றைக் கவனிக்கவில்லை: அதை மட்டும் அவள் பலகையில் எழுதவே இல்லை.

அவள் பையைத் தோளில் மாட்டியதும் அவருக்கு உறைத்தது. நாற்காலி நின்றது.

“முடிவைச் சொல்லிட்டுப் போம்மா.”

“யாரும் எழுதாததை நான் எப்படி சார் சொல்றது?”

யாரும் சிரிக்கவில்லை.

முடிவு எனக்குத் தெரியும். உங்களிடமும் சொல்வதாக இல்லை. அது அவள் பேரோடு திரையில் வரும்போது பாருங்கள், அல்லது அதுவரை நீங்களே ஒன்று யோசியுங்கள். அவள் லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.